பெயர் எழுதப்படாத படங்கள்

ஹட்டனைச் சுற்றியுள்ள மலைகளில் தோட்டப் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போனால், விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயர் எதைப் படித்தார்கள், எதற்காக ஏங்கினார்கள் என்பது தெரிந்துவிடும். ஒஸ்போர்னும் பல்மோரலும் மகாராணி குடும்பத்தோடு தங்கிய மாளிகைகள். ஹோலிரூட் எடின்பரோவில் உள்ள அரண்மனை. வேவர்லி, சர் வால்டர் ஸ்கொட் எழுதிய நாவல். அபொட்ஸ்ஃபோர்ட், அவர் தமக்கென்று கட்டிக்கொண்ட வீடு. கோப்பி பயிரிட வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் மிகுதி. காட்டை வெட்டி எரித்து வெளியாக்கிய நிலத்துக்குத் தங்கள் ஊரின் நினைவைச் சூட்டினார்கள். வெட்டியவர்களும் எரித்தவர்களும் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுடைய ஊர்ப் பெயர்கள் எந்தப் பலகையிலும் ஏறவில்லை.

ரயில் பாதை நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்தது. ஹட்டனுக்கு 1884இல், நானு ஓயாவுக்கு 1885இல். அதற்கு முன் வந்தவர்கள் கடற்கரையிலிருந்து மலைக்கு நடந்தே வந்தார்கள்.

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதை டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்கிறது. டிக்கோயாப் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில் நிற்கிறது வோர்லி தேவாலயம். 1878இல் கட்டியது. கருங்கல் சுவர், கூரான சாளரங்கள், வண்ணக் கண்ணாடி, மரக் கூரை என்று இங்கிலாந்தின் ஏதோ ஒரு நாட்டுப்புறத்திலிருந்து அப்படியே பெயர்த்து வந்தது போன்ற கட்டடம். கீழே விரிந்து கிடக்கும் நீர் மட்டும் பிற்காலத்தது. அணை 1965இல் வந்தது. முற்றத்துக் கல்லறைகளில் இளவயதில் இறந்த துரைமார், பிறந்து சில மாதங்களில் போன குழந்தைகள். பெயர், பிறந்த ஊர், இறந்த நாள், ஒரு வேத வசனம் என்று எல்லாமே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. துக்கத்தைக் கல்லிலும் கண்ணாடியிலும் கறுப்பு உடையிலும் காட்டிக்கொண்ட காலம் அது. 1861இல் கணவர் அல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி தம் வாழ்நாள் முழுவதும், நாற்பது ஆண்டுகள், கறுப்பையே உடுத்தினார். அரசியின் துக்கம் நாட்டின் நாகரிகமாயிற்று.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான விக்டோரியாச் செல்வம் பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தின் முற்றத்தில் இருக்கிறது. அலங்காரம் அதிகமில்லாத ஒரு கல்லறை. உலகப் புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் தவிர்க்க முடியாத ஒரு பெண், ஜூலியா மார்கரெட் கமரன், கணவரோடு அங்கே அடக்கமாகியிருக்கிறார். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் ஹட்டனில் இறங்கி மஸ்கெலியாப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு.

கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர் ஜூலியா. தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அவர் பிறந்த பட்டில் குடும்பத்துச் சகோதரிகள் லண்டன் கலையுலகில் பேர்போனவர்கள். 1850களில் இங்கிலாந்துச் சீமாட்டிகள் எஃகு வளையங்கள் கோத்த கிரினோலின் பாவாடைக்குள் நடக்கவும் உட்காரவும் திண்டாடிக்கொண்டிருந்தபோது, இந்தச் சகோதரிகள் அதை ஒதுக்கிவிட்டார்கள். தாங்களே வெட்டித் தைத்த தளர்ந்த அங்கிகளை அணிந்தார்கள், இந்தியச் சால்வைகளைப் போர்த்தினார்கள். ஓவியர்கள் அந்தத் தோற்றத்தில் மயங்கினார்கள். சுதந்திரமான உடை என்ற அவர்களின் எண்ணத்துக்குள் இந்தியத் துணியின் ஓட்டம் இருந்தது என்பதைத் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டும்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு புகைப்படக் கருவியை அன்பளிப்பாகக் கொடுத்தபோது ஜூலியாவுக்கு வயது 48. வைட் தீவின் ஃப்ரெஷ்வோட்டரில் இருந்த வீட்டில், கரி போட்டுவைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூண்டு கண்ணாடிக் கூடமாயிற்று. அன்றைய முறை கடினமானது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கரைசலைச் சீராக ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, உடனே கழுவ வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். படங்கள் தெளிவாக இல்லை, தகட்டில் விரல் ரேகை தெரிகிறது என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. முகத்தை மிக நெருங்கிப் போய், ஒரு பக்க ஒளியில், சற்றே கலங்கிய விளிம்போடு எடுத்தார். கவிஞர் டென்னிசன், அறிவியலாளர்கள் டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் இவர் கண் வழியாகத்தான்.

பெரியவர்களை மட்டும் அவர் எடுக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாகப் பலமுறை நிறுத்தினார். பிச்சையெடுத்துக்கொண்டிருந்த தாயிடமிருந்து அழைத்து வந்து வளர்த்த மேரி ரயனும் அவர் படங்களில் அரசகுமாரியாக நின்றாள். அந்தப் படம் ஒன்றைக் கண்காட்சியில் பார்த்து மனம் பறிகொடுத்த இந்திய சிவில் சேவை அதிகாரி ஹென்றி கொட்டன் அவளை மணந்துகொண்டார். டென்னிசனின் ஆர்தர் அரசன் காவியத்துக்கு 1874இல் படங்கள் எடுத்தபோது கணவர் சார்ல்ஸ் மந்திரவாதி மெர்லின் வேடம் போட்டார். ஆர்தர் அரசனாக நின்றவர் துறைமுகத்துச் சுமைதூக்கி ஒருவர். சுமைதூக்கி அரசனாகலாம், வேலைக்காரி தேவமாதாவாகலாம் என்பதுதான் அவருடைய கலையின் பெருந்தன்மை. அந்த வேலைக்காரிகளின் பெயர்கள் இன்றும் நமக்குத் தெரியும். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவருடைய இலங்கைப் படங்களைப் பார்க்க வேண்டும்.

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுபோனார்கள், அவற்றுக்குள் பீங்கானும் கண்ணாடியும் அடுக்கியிருந்தார்கள் என்றொரு கதை உண்டு. ஜூலியாவின் சகோதரி வழிப் பேத்தி என்ற உறவில் வரும் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப், இந்தப் புறப்பாட்டை ‘ஃப்ரெஷ்வோட்டர்’ என்ற நாடகமாகவே எழுதினார். வேடிக்கைக்குப் பின்னால் பணமுடை இருந்தது. சார்ல்ஸ் ஹே கமரனின் சொத்து இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் முடங்கியிருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது.

சார்ல்ஸ் வெறும் தோட்டச் சொந்தக்காரர் அல்லர். இலங்கை வரலாற்றுப் பாடத்தில் எல்லோரும் படித்த கோல்புரூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவர்தான். 1830களின் தொடக்கத்தில் அந்த ஆணைக்குழு தந்த அறிக்கைகளின் பின்னால் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது, நீதிமுறை மாறியது, தனியார் முதலுக்கு வழி திறந்தது. அந்த வழியில்தான் கோப்பி மலையேறியது; கோப்பிக்குப் பின்னால் தமிழகத்துக் கூலிகள் மலையேறினார்கள். கணவர் பங்கெடுத்த சீர்திருத்தம் கொண்டுவந்து சேர்த்த மக்களை, நாற்பது ஆண்டுகள் கழித்து மனைவி கருவிக்கு முன் நிறுத்தினார்.

அப்படி நிறுத்தி எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் எடுத்தவருக்கு இது சொற்பம். இரசாயனமும் நல்ல நீரும் எளிதில் கிடைக்காத இடம், வெப்பம், வயது எல்லாம் சேர்ந்து கையைக் கட்டின. களுத்துறையில் மகன் வீட்டில் இருந்தபோது ஓவியர் மரியான் நோர்த் வந்து தங்கினார். உலகெங்கும் அலைந்து தாவரங்களை வரைந்தவர். கியூ பூங்காவில் அவருக்கென்று ஓவியக்கூடமே உண்டு. கொளுத்தும் வெயிலில் ஜூலியா தம்மேல் கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தலையில் குத்தும் தென்னோலைக்கு நடுவே நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொன்னார் என்று நோர்த் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. ஓர் ஆளின் முதுகழகைக் கண்டு வியந்த ஜூலியா, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தார். அந்த வீட்டில் பராமரிக்கத் தோட்டமே இல்லை.

முதுகின் அழகு நினைவுக் குறிப்பில் ஏறியது. ஆளின் பெயர் ஏறவில்லை.

1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படத்துக்குக் கீழே ஜூலியா எழுதிய குறிப்பில் சிறுமிக்கு வயது 12 என்றும், கிழவர் தம்மை அவளுடைய தகப்பன் என்றும் நூறு வயதுக்காரர் என்றும் சொன்னார் என்றும் இருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்டாரா என்பதற்குச் சான்றில்லை. மேரி ஹில்லியரைப் பெயரோடு உலகுக்குத் தந்த அதே கை இது என்பதுதான் மனத்தைக் குடைகிறது. அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற அரசுப் புகைப்பட வரிசை, மனிதர்களைச் சாதியாகவும் குலமாகவும் வகைபிரித்து அச்சிட்டது. தனி முகம் அங்கே ஒரு மாதிரி உருப்படி. அந்தக் காலத்தின் கண் அப்படிப் பழகியிருந்தது.

பெயர் தெரியாததால் விட்டுப்போனது என்று சொல்லவும் முடியாது. தோட்டங்களில் விடியுமுன் தப்புச் சத்தத்தில் எழும்பிப் பெரட்டுக் களத்தில் நின்ற ஒவ்வோர் ஆளின் பெயரும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அன்றாடம் பதிவானது. யாருக்கு அன்றைய முழுக் கூலிக்கான முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். கூலிக்கும் கடனுக்கும் பெயர் தேவைப்பட்டது. கலைக்குத் தேவைப்படவில்லை.

ஆனாலும் அந்தப் படங்களைத் தள்ளிவிட மனம் வராது. ஜூலியா முகத்தைப் பார்க்கத் தெரிந்தவர். சேலையின் மடிப்பு, தலைத்துணியின் நிழல், கருவியை நேராகப் பார்க்கும் கண்கள் என்று வணிகப் புகைப்படக்காரர்களிடம் காணாத மரியாதை அவற்றில் இருக்கிறது. அதே காலத்தில் ஸ்கீன், ஸ்கோவன் நிறுவனங்களும், 1890 முதல் பிளாட்டே நிறுவனமும் எடுத்து விற்ற ‘தமிழ்ப் பெண்’ படங்கள் வேறு வகை. அங்கே நகை முன்னால் நிற்கும், பெண் பின்னால் போய்விடுவாள். அந்தப் படங்கள் தபாலட்டையாகிக் கப்பலேறின. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணைத் தேயிலை விளம்பரமாக்கினார். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலைக்கென்று மண்டபமே எழுந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தேநீர் குடித்தவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்ணை முதலில் பார்த்தது பொட்டலத்தின் மேல்தான்.

அந்தப் பெண் உண்மையில் உடுத்தியது வேறு. விளம்பரத்தில் அவள் புடவை எப்போதும் உலர்ந்திருக்கும். மலையில் மழையும் பனியும் மாறிமாறி வரும். தலையிலிருந்து முதுகுவரை விழும் கொங்காணி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கு, வேலைக்குப் போகும்போது மேலே ஒரு கம்பளி. தேயிலைச் செடியின் கிளைகள் சேலையைக் கிழிக்காமலும், ஈரம் உடம்பில் ஏறாமலும் காத்தது படங்குச் சாக்குதான். கம்பளியைத் தோட்டம் கொடுத்தது. அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. கையிருப்பெல்லாம் காதிலும் மூக்கிலும் கழுத்திலும் இருந்தது. வங்கிக்குப் போக வழியில்லாத சனங்களுக்கு உடம்பே பெட்டகம். இந்த உடையை யாரும் வடிவமைத்துக் கொடுக்கவில்லை. மலை கேட்டதைப் பெண்கள் தாங்களே கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார்கள். கிரினோலினை ஒதுக்கிய பட்டில் சகோதரிகளுக்குக் கலை வரலாற்றில் ஒரு பத்தி இருக்கிறது. படங்கைக் கட்டிய பெண்களுக்கும் ஒரு பத்தி சேரத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சேர வேண்டும். ஃப்ரெஷ்வோட்டரில் சுமைதூக்கி அரசனான கலையைப் போல இங்கேயும் ஒரு கலை இருந்தது, இருக்கிறது. தமிழகத்திலிருந்து மக்களோடு கூடவே வந்த காமன் கூத்தில், மாசி மாதத்தில், பகலில் மலையில் கவ்வாத்து வெட்டியவர் இரவில் மன்மதனாகிறார். ஆண் ஒருவர் ரதி வேடம் கட்டுகிறார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், லயத்துச் சனம் முழுவதும் விடியவிடியப் பார்க்கிறது. கமரன் அம்மையார் டிக்கோயாவில் வாழ்ந்தபோது இதை ஒருமுறையாவது பார்த்திருந்தால் என்ன எடுத்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேடம் கட்டிய உழைப்பாளியின் முகம்தானே அவருக்குப் பிடித்த பொருள்.

1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவின் கிளென்கெயன் தோட்ட பங்களாவில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு சார்ல்ஸும் போய்ச் சேர்ந்தார். அதற்குள் கோப்பி செத்துக்கொண்டிருந்தது, தேயிலை மேலே வந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் நட்ட செடி மலை முழுவதையும் மூடப்போகும் காலம் தொடங்கியிருந்தது.

ஹட்டனுக்குத் திரும்பி மறுபடி ரயிலேறினால், தலவாக்கலை தாண்டி நானு ஓயா வரை சாளரத்தில் தெரிபவை தேயிலை ஆலைகள். விக்டோரியா கால வடிவமைப்பின் நேர்மையான முகம் இந்தக் கட்டடங்கள்தான். இரும்புச் சட்டம், நெளிதகடு, மாடிமாடியாக வரிசைச் சாளரம். பச்சைக் கொழுந்து மேல்மாடியில் காற்றில் வாட வேண்டும் என்பதால்தான் அத்தனை உயரம், அத்தனை சாளரம். 1851இல் லண்டனில் இரும்பும் கண்ணாடியுமாக எழுந்த பளிங்கு மாளிகையின் ஏழை உறவினர்கள் என்று இவற்றைச் சொல்லலாம். உள்ளே பெல்ஃபாஸ்ட்டில் டேவிட்சன் செய்த ‘சிரொக்கோ’ உலர்த்திகள், கெயின்ஸ்பரோவிலிருந்து வந்த உருட்டு இயந்திரங்கள். அலங்காரம் எதுவுமில்லை, எல்லாம் வேலைக்காக.

நுவரெலியா இதற்கு நேர்மாறு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆங்கிலேயர் தங்கள் தேசத்தை நடித்துப் பார்த்த மேடை அது. செங்கல் நிற அஞ்சல் அலுவலகம், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு, 1894இல் எழுந்தது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப், ஆளுநர் பார்ன்ஸின் மாளிகையாக இருந்து 1891இல் விடுதியான கிராண்ட் ஹோட்டல் இரண்டும் பழைய ஆங்கில டியூடர் பாணித் தோற்றத்தைக் காட்டுகின்றன. ஆலைப் புகையில் மூழ்கிய இங்கிலாந்து, ஆலைக்கு முந்திய தன் பழங்காலத்தைக் கனவு கண்டது. அந்தக் கனவை இங்கே கட்டி வைத்தார்கள். ஆளுநர் கிரகரி 1873இல் ஏரி வெட்டினார். மகாராணியின் வைரவிழாவுக்கு 1897இல் பூங்கா விக்டோரியா ஆயிற்று. ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. நெடுங்காலம் இலங்கையர் எவரும் அங்கே உறுப்பினராக முடிந்ததில்லை.

அஞ்சல் அலுவலகம் மட்டும் ஊர்ச்சனங்களுடையதாகிவிட்டது. அதை விடுதிக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். முத்திரை வாங்க வருகிறவர்களுக்காக அந்தக் கட்டடம் திறந்திருப்பதுதான் அதற்கு மரியாதை.

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் பாதையில் ராம்பொடைக் கணவாய் வருகிறது. 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவப் புறப்பட்ட சாமுவேல் பேக்கர், கொல்லன், காரியஸ்தன், மாடுகள், சாரட்டு எல்லாவற்றையும் கப்பலில் கொண்டுவந்தார். சாரட்டைக் குதிரைக்காரன் இந்த வளைவுகளில்தான் உருட்டிவிட்டான். அதே பாதையில், பழைய பீகொக் தோட்டத்தில், 2007 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். பழைய லயம் ஒன்றையே அதற்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை அந்தச் சுவர்களுக்குள் நின்றே பார்க்கலாம். வீட்டுப் பாத்திரம், கருவிகள், வாத்தியங்கள், நகை, ஆவணங்கள் என்று இங்கே சேர்ந்திருப்பவை மலையகத்தார் தங்கள் வாழ்வைத் தாங்களே எடுத்துச் சொல்லும் முயற்சி.

லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பெரிய அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படும் கமரனின் இலங்கைப் படங்களின் பிரதிகள் இந்த லயத்துச் சுவருக்கு வர வேண்டும். பிளாட்டே அட்டைகளும் லிப்டன் விளம்பரங்களும் பக்கத்தில் இருக்கட்டும். இங்கே வருகிற பாட்டிமாருக்குப் பின்கொசுவம் எந்தச் சீமைக் கட்டு, அந்தக் காதணியை எந்த ஊர்ப் பெண்கள் போடுவார்கள் என்று சொல்லத் தெரியும். எந்த ஆய்வாளரும் கேட்காத கேள்விகளை அவர்கள் அந்தப் படங்களிடம் கேட்பார்கள்.